பதினோரு ஒன்று

எந்த எண் கண்ணில் பட்டாலும் அக்கா கேட்கிற முதல் கேள்வி, "இது பிரியுமா?" என்பதுதான். காலையில் வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகளை ஒரு பார்வை பார்ப்பார். "இன்னைக்கு முப்பத்தேழு. பிரியாது" என்று சொல்லிவிட்டுத்தான் வருகைப் பதிவேட்டைத் திறப்பார். முப்பத்தாறு பேர் வந்த நாளில் முகம் சப்பென்று இருக்கும். இரண்டால், மூன்றால், நாலால், ஆறால், யார் வந்து கேட்டாலும் பிரிந்துகொடுக்கிற எண்ணை அவருக்குப் பிடிக்காது. "இளகின கழுதை" என்று திட்டுவார். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் வகுபடாத எண்ணுக்கு அவர் வைத்த பெயர் பிடிவாதக்காரி. ராசிபுரத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது கையிலிருக்கிற டிக்கெட்டு எண்ணை வாய்க்குள்ளேயே வகுத்துக்கொண்டு வருவார். பிடிவாதக்காரி வாய்த்துவிட்டால் அந்தச் சீட்டைத் தூக்கிப்போட மனசு வராது. அவருடைய சுருக்குப் பையில் வெற்றிலை பாக்கு இருந்ததை நான் பார்த்ததில்லை. பழைய பஸ் டிக்கெட்டுகள்தான் இருக்கும்.

அவரைப் பற்றிப் பேச எனக்கு வாயே கிடையாது. இருந்தாலும் எனக்கும் வயசாகிவிட்டது. இதை யாரிடமாவது சொல்லித் தொலைக்க வேண்டும்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் வெண்ணந்தூர்ப் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் நாங்கள் இரண்டே வாத்தியாரம்மாக்கள். என்னைவிட அவர் ஐந்து வயது மூத்தவர். பதினாறு வயதில் புருஷனைப் பறிகொடுத்தவர். அவருடைய அப்பா ஊர் வாயையெல்லாம் பொருட்படுத்தாமல் பள்ளி இறுதி வரை படிக்க வைத்து, டிரெயினிங்குக்கும் அனுப்பியிருந்தார். வெள்ளைச் சேலைதான் கட்டுவார். "நமக்கு இதுல ஒரு வசதி அம்மிணி, சாக்பீஸ் தூள் எச்சா தெரியாது" என்று சிரிப்பார். என் கதை வேறு. என்னைக் கட்டியவர் இன்னொருத்தியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஆட்டையாம்பட்டியில் அண்ணன் வீட்டில் இரண்டு வருஷம் கிடந்து, ஏதோ படித்த எட்டாம் வகுப்பை வைத்துக்கொண்டு இந்த வேலைக்கு வந்து சேர்ந்தேன்.

இருவருமாகப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். வீட்டுக்காரர் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார். "ரெண்டு பேரு தொணைக்குத் தொணையா இருக்கறீங்கன்னுதான் ஊடு குடுக்கறனுங்க. ஒத்தைப் பொம்பளைக்கு நான் ஊடு உடறதில்லீங்க." இந்தப் பேச்சை நீங்கள் மறந்துவிடாதீர்கள். நான் மறக்கவே இல்லை. அதுதான் வினை.

அக்காவுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. மூன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளை வகுத்தல் கணக்கில் மீதி வந்ததைப் பார்த்துப் பயந்து, ஈவை ஒன்று ஏற்றிப் போட்டு மீதியே இல்லாமல் செய்துவிட்டாள். அக்கா அவளை அடிக்கவில்லை. பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். குரல் மட்டும் நடுங்கியது.

"மீதி வந்தா அவமானமா சாமி? வந்துச்சுன்னா வந்துச்சுன்னு எழுதோணும். வராட்டி வரலைன்னு எழுதோணும். நீயா ஒண்ணைக் கட்டி உடக் கூடாது."

அதே சமயம், ஒருவர் போட்டு முடித்துக் கையெழுத்திட்ட கணக்கை அவர் திரும்பப் போடவே மாட்டார். "நான் மறுபடி போட்டேன்னா உன்னைய நம்பலைன்னு ஆயிருமல்லோ" என்பார். கணக்கு என்றால் அவருக்கு அப்படி ஒரு மரியாதை. ஆளுக்கும் அதே மரியாதை.

அந்த எண் எங்கள் வீட்டுக்கு வந்தது ஒன்றாம் வகுப்புப் பிள்ளையால். தறிக்காரர் வீட்டுக் கடைக்குட்டி, பள்ளிக்கூடத்தில் சேர்ந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. "உனக்குத் தெரிஞ்ச பெரிய எண்ணா எழுது பாக்கலாம்" என்றார் அக்கா. பாவம், அவளுக்கு ஒன்று மட்டும்தான் எழுத வரும். சிலேட்டின் இந்த ஓரத்தில் தொடங்கி அந்த ஓரம் வரைக்கும் ஒன்று ஒன்றாகப் போட்டு நிரப்பிவிட்டாள். மொத்தம் பதினோரு ஒன்று. நானாக இருந்தால் அழித்துவிட்டு மறுபடி எழுதச் சொல்லியிருப்பேன். அக்கா சிலேட்டை உயர்த்திப் பிடித்து வகுப்பு முழுக்கக் கேட்கிற மாதிரி படித்தார்:

"ஆயிரத்து நூத்திப் பதினோரு கோடியே, பதினோரு லட்சத்திப் பதினோராயிரத்து நூத்திப் பதினொண்ணு!"

அந்தக் குட்டி வாயைப் பிளந்துகொண்டு நின்றது. தான் எழுதியது அத்தனை பெரிசா என்று அதற்கு ஒரே ஆச்சரியம்.

அன்று பொழுதோடு வீட்டுக்கு வந்ததும் அக்கா ஆரம்பித்துவிட்டார். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"அம்மிணி, ஒண்ணுகளை ஜோடி ஜோடியா நிறுத்த முடிஞ்சா அந்த எண்ணு பதினொண்ணால போயிரும். நாலு ஒண்ணு, ஆறு ஒண்ணு, பத்து ஒண்ணு எல்லாம் அப்படித்தான். மூணு மூணா நிறுத்த முடிஞ்சா நூத்திப் பதினொண்ணால போயிரும். ஆனா பதினோரு பேர்த்தை எப்படி வரிசை போடுவே? ஒருத்தி மிச்சம் நின்னுக்குவா."

"அஞ்சும் ஏழும்கூட அப்படித்தானுங்க்கா? அதுகளும் வரிசைக்கு வராதே."

"வராது. ஆனாலும் பிரிஞ்சுதே! அஞ்சு ஒண்ணு நாப்பத்தொண்ணால போச்சு, இருநூத்தி எழுபத்தொண்ணால போச்சு. ஏழு ஒண்ணு இருநூத்தி முப்பத்தொம்பதால போச்சு. அதான் எனக்கு ஒரே கொடைச்சலா இருக்குது."

பத்து நாள் கழித்து, துணி துவைத்துக்கொண்டிருந்தவர் கையைக்கூட உதறாமல் ஓடி வந்தார். ஐந்து ஒன்றைப் பிரிக்கிற எண்களில் ஒன்றைக் கழித்துப் பார்த்திருக்கிறார். நாற்பது, இருநூற்றெழுபது. இரண்டும் பத்தால் போகின்றன. பத்து என்பது ஐந்தின் இரட்டிப்பு. ஏழு ஒன்றைப் பிரிக்கிற 239, 4649 இரண்டிலும் ஒன்றைக் கழித்தால் பதினாலால் போகின்றன. அது ஏழின் இரட்டிப்பு. "அப்படின்னா பதினோரு ஒண்ணைப் பிரிக்கறவ எவளா இருந்தாலும், ஒண்ணைக் கழிச்சா இருபத்திரண்டால போகோணும்!" இருபத்திரண்டின் மடங்கு ஒவ்வொன்றோடும் ஒன்று கூட்டி வகுத்துக்கொண்டே போனால் போதும். ஒவ்வொரு மடங்குக்கும் அவர் வைத்த பெயர் படி. முதல் படி இருபத்து மூன்று, மூன்றாம் படி அறுபத்தேழு, இப்படி 4791-ஆம் படி வரைக்கும். அதற்கு மேல் போக வேண்டியதில்லை. இரண்டாகப் பிரிகிற எண்ணில் சின்னப் பங்கு அந்த எண்ணின் வர்க்கமூலத்தைத் தாண்டாதாம். ஒன்று கூட்டி வருகிற எண் மூன்றாலோ ஐந்தாலோ ஏழாலோ போகிற படிகளைத் தள்ளிவிட்டால் இரண்டாயிரம் வகுத்தல் தேறும்.

அந்தத் தை மாதம் சென்னையிலிருந்து இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் வந்தார். பிள்ளைகளைக் கேள்வி கேட்டு முடித்து எழும்போது, மேசையில் கிடந்த அக்காவின் நோட்டைத் தற்செயலாகப் புரட்டினார். அந்த அம்மாளும் கணக்குப் படித்தவர். நின்றபடியே நாலு பக்கம் படித்தார்.

"இந்த இருபத்திரண்டு விதியை யாரம்மா சொல்லிக்கொடுத்தாங்க?"

"யாரும் சொல்லலீங்க. பாத்தனுங்க, அப்படி வந்துச்சுங்க."

"சீமையில் இதை எப்போதோ நிரூபித்துவிட்டார்கள். நீயாகக் கண்டுபிடித்தாயா?" என்று கேட்டு அந்த அம்மாள் திரும்பவும் உட்கார்ந்துவிட்டார். பிறகு சொன்னதை நான் ஒரு சொல் விடாமல் சொல்வேன். "இதை முடி. இந்த எண்ணைப் பிரிக்கிற எண்ணைக் கண்டுபிடி. இல்லையென்றால் இது பிரியாது என்று எல்லாப் படியையும் போட்டுக் காட்டு. அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் கல்லூரியில் உனக்காகப் பேசுகிறேன். படிப்பும் விடுதியும் இலவசமாக வாங்கித் தருகிறேன். கோடை லீவுக்குள் அனுப்பினால் ஆனியிலேயே சேரலாம். தவறினால் அடுத்த தையில் நான் வரும்போது கொடு. அதோடு சரி, எனக்கு மாற்றல் வந்துவிடும்."

அக்கா அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. "அம்மிணி, காலேஜுல கணக்கு மட்டுமே படிக்கலாமாமா. காலையில இருந்து பொழுதுக்கும்!" என்று திண்பண்டத்தைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். நான் சிரித்தேன். அக்கா போய்விட்டால் எனக்கு வீடு ஏது?

படிகளைப் பங்கு போட்டுக்கொண்டோம். சிலேட்டில் போட்டுப் பார்த்து, ஈவையும் மீதியையும் நோட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். விளக்கு வைத்த பிறகு கணக்குப் போடக் கூடாது என்பது அக்காவின் சட்டம், கண் தப்பு செய்யுமாம். என் கணக்குகளை அவர் ஒன்பது தள்ளி மட்டும் சரிபார்ப்பார். அதாவது, எண்ணின் இலக்கங்களைக் கூட்டி ஒன்பது ஒன்பதாகக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பார்ப்பது. பதினோரு ஒன்றைக் கூட்டினால் பதினொன்று, ஒன்பது போக இரண்டு. வகுக்கும் எண்ணையும் ஈவையும் அதேபோலக் குறுக்கிப் பெருக்கி, மீதியின் மிச்சத்தையும் சேர்த்தால் அந்த இரண்டு வர வேண்டும். வந்தால் ஒரு புள்ளி வைப்பார். இந்த வித்தையை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான்.

சித்திரை லீவில் கோயில் நோம்பிக்கு நான் ஆட்டையாம்பட்டி போனேன். 901 முதல் 1000 வரை என் பங்கு. சிலேட்டும் நோட்டும் மூட்டையில் இருந்தன. அண்ணன் வீட்டில் முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணிக்குக் கையும் வாயும் ஒன்றாக ஓடும். முறுக்கைச் சுற்றிக்கொண்டே சொன்னார்:

"உங்க அக்கா பட்டணம் போறாங்களாமா? அப்பறம் நீ தனியா அங்க என்ன பண்ணுவே? இங்கயே வந்துரு. எனக்கும் முறுக்குச் சுத்த ஒரு கை ஆச்சு. ஒருவேளைச் சோறு நாங்க போட மாட்டமா?"

அண்ணன் தறியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அந்த ஒருவேளைச் சோற்றை நான் இரண்டு வருஷம் தின்றவள். எப்படித் தொண்டைக்குள் இறங்கும் என்று எனக்குத் தெரியும்.

மத்தியானம் வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து கணக்கை எடுத்தேன். 984-ஆம் படி. இருபத்தோராயிரத்து அறுநூற்று நாற்பத்தொன்பது. வகுக்க ஆரம்பித்தேன். ஈவில் ஐந்து, ஒன்று, மூன்று. எப்போதும் போலத்தான் போய்க்கொண்டிருந்தது. இரண்டு, மூன்று. கடைசியில் 194841 நின்றது. ஒன்பதால் பெருக்கிப் பார்த்தேன். 194841. கழித்தேன். சைபர்.

கோவையிலையைப் பறித்துச் சிலேட்டைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து போட்டேன். மறுபடியும் சைபர். 513239 தடவை, பிசிறில்லாமல்.

அக்கா ஆனியில் போய்விடுவார். வீட்டுக்காரர் சாவியைக் கேட்பார். நான் இந்த வேப்ப மரத்தடிக்கு வந்து முறுக்குச் சுற்ற வேண்டும். இப்படித்தான் நினைத்தேன். வேறு எந்தச் சாக்கும் நான் சொல்லப்போவதில்லை. இந்த எண்ணை மறைத்துவிட்டால் இன்னும் மூவாயிரத்துச் சொச்சம் படி கிடக்கிறது, ஆனி தாண்டிவிடும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அவ்வளவுதான் என் புத்தி.

சிலேட்டை மறுபடி துடைத்தேன். நோட்டில் ஈவு 513407 என்று எழுதினேன். முதல் மூன்று இலக்கம் நிஜம், மற்றவை என் கைச்சரக்கு. அதற்கு ஏற்ற மீதி வேண்டுமே. ஒன்பது தள்ளிப் பார்த்து, மூன்று மிச்சம் வருகிற மாதிரி 8175 என்று போட்டேன். படுபாவி, அன்றைக்கு எனக்குக் கணக்குப் பிசகவே இல்லை. கையெழுத்தும் போட்டேன்.

லீவு முடிந்து வந்ததும் அக்கா நோட்டை வாங்கி ஒவ்வொரு வரியாகப் புள்ளி வைத்தார். 984-க்கும் ஒரு புள்ளி விழுந்தது. "ஒரு தப்புக்கூட இல்லையே! எங் கண்ணு!" என்று என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார்.

சொல்லிவிடலாம் என்றுதான் ஒவ்வொரு வாரமும் நினைத்தேன். ஆனி போனது. இனிமேல் சொல்லி என்ன என்றிருந்தது. ஆடி போனது. அக்காவுக்குப் புரட்டாசியில் காய்ச்சல் வந்தது. கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டே சிலேட்டைத் தலையணையில் சாய்த்து வகுத்தார். நான் கஞ்சி வைத்துக் கொடுத்தேன், அவருக்குப் பதிலாகப் படிகளையும் போட்டேன். நம்ப மாட்டீர்கள், அந்த 984-க்கு அப்புறம் ஒரு வரிகூட நான் பொய் எழுதவில்லை. வேறு எங்காவது இன்னொரு சைபர் அகப்பட்டுவிடாதா, என்னைக் காப்பாற்றிவிடாதா என்று வெறி பிடித்தவள் மாதிரி வகுத்தேன். அகப்படவில்லை. ஒவ்வொன்றிலும் மீதி, மீதி, மீதி.

போகப் போக அக்காவுக்கு அந்த எண்ணின் மேல் ஒரு வாஞ்சையே வந்துவிட்டது. "ஏ அம்மிணி, மூவாயிரம் படி தாண்டியாச்சு. யாருக்கும் அடங்கலையே! இவ பிடிவாதக்காரியேதான்" என்பார். பெற்ற மகளைப் பற்றிப் பேசுவது போல இருக்கும். மார்கழியில் கடைசிப் படியைப் போட்டு முடித்த அன்று வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் ஆளுக்கு ஒன்று கொடுத்தார். ஒன்று ஒன்றாக எழுதிய அந்தக் குட்டிக்கு மட்டும் இரண்டு. நோட்டின் முதல் பக்கத்தில் "இருவர் சேர்ந்து செய்த கணக்கு" என்று எழுதித் தன் பெயருக்கு முன்னால் என் பெயரைப் போட்டார். "அக்கா, என்ற பேரு வேண்டாமுங்க" என்று கெஞ்சினேன். "போ, வெக்கப்படாதே" என்று சிரித்துவிட்டார்.

தையில் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் நோட்டை வாங்கிக்கொண்டு போனார். மாசியில் கடிதம் வந்தது. இங்கிலீஷ் கடிதம். அக்கா வாசலிலேயே நின்று படித்தார். எனக்காகத் தமிழில் சொன்னார், குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கல்லூரிப் பேராசிரியரிடம் காட்டினார்களாம். அது பிரிகிற எண்தானாம், பழைய புத்தகத்திலேயே இருக்கிறதாம். 21649 என்கிற எண்ணால் மீதியில்லாமல் போகிறதாம். உங்கள் நோட்டில் அதற்கு மீதி போட்டிருக்கிறது, இப்படியொரு பிழையை வைத்துக்கொண்டு யாரிடமும் பேச எனக்கு முகமில்லை, மன்னிக்கவும் என்று முடித்திருந்தார். நோட்டையும் திருப்பி அனுப்பியிருந்தார்.

அக்கா உள்ளே போய்ச் சிலேட்டை எடுத்தார். ஒன்றைக் கழித்து இருபத்திரண்டால் வகுத்தார். 984. நோட்டைப் புரட்டிப் பக்கத்தைக் கண்டுபிடித்தார். என் கையெழுத்து. அவர் உதடு அசைவதிலிருந்தே இலக்கங்களைக் கூட்டுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒம்பது தள்ளிப் பாத்தேன் அம்மிணி" என்றார். "சரியா வருது."

தவறிப்போய் எழுதிய வரி ஒன்பது தள்ளினால் அநேகமாக மாட்டிக்கொள்ளும். திட்டம் போட்டு எழுதியது மாட்டாது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் என்னை அடித்திருக்கலாம். "ஏன்டி?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நான் பயந்தபடி என்னை விட்டுப் போகவும் இல்லை. பதினைந்து வருஷம் அதே வீட்டில் எனக்குச் சோறு போட்டார். நான் எதற்காக அதைச் செய்தேனோ அது எனக்குக் கிடைத்தது.

அன்றைக்கு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற முகத்தோடு, குழந்தை மாதிரி கேட்டார்.

"அந்தச் சைபர் வந்துச்சே, அப்ப எப்படி இருந்துச்சு அம்மிணி? சொல்லு. ஒரு வருஷமா அதைப் பாக்கத்தானே நான் உக்காந்திருந்தேன்."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் என்ன ஜென்மமோ.

"நான் அத்தனை தூரம் போடலீங்க்கா" என்றேன். "மூணு இலக்கத்தோட நிறுத்திட்டு, மிச்சத்தை நானா எழுதிட்டனுங்க. சோம்பேறித்தனமுங்க்கா."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிலேட்டைப் பார்த்தார்.

"அடப் பாவமே. அப்ப நம்ம ரெண்டு பேர்த்துல ஒருத்தருமே அதைப் பாக்கலையா" என்று சொல்லிவிட்டு, உலை வைக்க எழுந்து போனார்.

நான் பார்த்தேன் அக்கா. இரண்டு தடவை பார்த்தேன்.